ஒற்றைப் போகிமானோடு ரெட், புளூ: முட்டி நிற்கும் இடங்களும் மீளும் வழிகளும்

போகிமான் ரெட், புளூ ஆட்டங்களை ஒரே ஒரு போகிமானை மட்டும் சண்டையில் இறக்கி முடிக்க முயலும் எல்லோரும் எங்காவது ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். உடனே தோன்றும் யோசனை, புல்வெளிக்குத் திரும்பிப் போய் லெவலை ஏற்றுவது. பெரும்பாலும் அது வீண் உழைப்பு. ஆறு போகிமான்கள் பங்கு போட வேண்டிய அனுபவப் புள்ளிகள் அத்தனையும் சோலோ ஆட்டத்தில் ஒன்றுக்கே போகின்றன. ஆகவே, கதையின் எந்தக் கட்டத்திலும் நம் போகிமான் எதிரிகளைவிட லெவலில் முன்னேதான் நிற்கும். முன்னே நின்றும் தோற்கிறது என்றால் குறை லெவலில் இல்லை. வேகம், வகை, மூவ்கள் (போகிமான் சண்டையில் செய்யும் செயல்கள்), உடல்நிலை என்ற நான்கில் ஒன்றில்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் மணிக்கணக்கில் காட்டில் சுற்றினால் ஆட்டத்தின் மீது இருக்கும் ஆசைதான் தேயும்.

ஜப்பானில் 1996இல் ரெட், கிரீன் என்றும், அமெரிக்காவில் 1998இல் ரெட், புளூ என்றும் கேம் பாய்க்கு வெளிவந்த முதல் தலைமுறை ஆட்டங்களுக்கே இந்த வழிமுறை பொருந்தும். பிந்தைய தலைமுறைகளில் கணக்குகள் மாறிவிட்டன. விதிகளைப் பொறுத்தவரை, பலரும் ஏற்கும் ஏற்பாட்டையே எடுத்துக்கொள்கிறேன். சண்டையிடுவது ஒன்று மட்டும். மரம் வெட்டவும் நீர் கடக்கவும் வேறு போகிமான்கள் உடன் வரலாம், ஆனால் சண்டையில் இறங்கக் கூடாது. மூவ்களைக் கற்றுக்கொடுக்கும் டிஎம்களுக்கும் கடைப் பொருள்களுக்கும் தடையில்லை.

## முதலில் ஒரு தோல்வியைக் கூர்ந்து பாருங்கள்

ஜிம் (தலைவர் ஒருவரை வென்று பேட்ஜ் பெறும் சண்டைக்கூடம்) வாசலில் சேமித்துவிட்டு உள்ளே போய் வேண்டுமென்றே ஒருமுறை தோற்றுப் பாருங்கள். முதல் சுற்றில் யார் முந்தினார்கள்? எத்தனை அடியில் விழுந்தோம்? நம் எந்த மூவ் எடுபடவில்லை? தூங்கினோமா, உறைந்தோமா, பக்கவாதம் பிடித்ததா? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் தாளில் இருக்க வேண்டும். பிறகு கருவியை அணைத்துப் போட்டுச் சேமித்த இடத்திலிருந்து தொடருங்கள். அணைக்காமல் விட்டால் கையிலுள்ள பணத்தில் பாதி போய்விடும். சோலோவில் ஒரு விழுகையே முழுத் தோல்வி என்பதால் இந்தப் பாதிப் பணம் அடிக்கடி கரையும்.

## அறிகுறி: பிராக்கின் ஆனிக்ஸ் மீது அடி ஏறவே இல்லை

முதல் ஜிம் தலைவர் பிராக்கிடமே முட்டி நிற்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. ரெட், புளூவில் பிராக்கின் ஜியோடூடுக்கும் (லெவல் 12) ஆனிக்ஸுக்கும் (லெவல் 14) பாறை வகை மூவ் ஒன்றுகூடத் தெரியாது. டாக்கிள் அடிப்பார்கள், அவ்வளவுதான். சிக்கல் அவர்கள் அடியில் இல்லை, நம் அடியில்தான். ஆனிக்ஸின் அடிப்படைத் தற்காப்பு 160. ஸ்பெஷல் (நெருப்பு, நீர் போன்ற வகை மூவ்களுக்கான திறன்) வெறும் 30. கீறுவதும் முட்டுவதும் 160 மீது மோதுகின்றன. ஸ்பெஷலில் கணக்கிடப்படும் மூவ் ஒன்று கிடைத்தால் போதும். சார்மண்டரின் எம்பர் 9ஆம் லெவலில் வருகிறது. பாறையின் மீது பாதிதான் ஏறும் என்றாலும் ஸ்க்ராட்சைவிட எவ்வளவோ மேல். ஸ்குவர்ட்டிலுக்கு 8இல் பபிள் வந்துவிட்டால் சண்டை முடிந்த மாதிரிதான்.

ஆனிக்ஸ் பைட் (Bide) தொடங்கினால் அடிப்பதை நிறுத்துங்கள். வாங்கிய அடியை இரட்டிப்பாகத் திருப்பித் தரும் மூவ் அது. அந்தச் சுற்றுகளில் லியர், டெய்ல் விப் போன்றவற்றைப் போட்டுத் தற்காப்பைக் குறைத்துக்கொள்ளலாம். பிராக்குக்குப் பக்கவாதமும் நஞ்சும் கொடுத்துப் பயனில்லை. ஃபுல் ஹீல் எடுத்துக் குணப்படுத்திவிடுவார்.

யெல்லோ பதிப்பில் பிகாச்சூவோடு தொடங்கியவர்கள் மட்டும் விதிவிலக்கு. ஜியோடூட், ஆனிக்ஸ் இருவருமே நில வகையும் சேர்ந்தவர்கள் என்பதால் மின்சாரம் அவர்களைத் தொடாது. அங்கே விரிடியன் காட்டில் லெவல் ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பியூட்டரை விட்டு வெளியேறவும் பிராக்கை வென்றாக வேண்டும்.

## அறிகுறி: மிஸ்டியின் ஸ்டார்மி ஒரே மூச்சில் முடித்துவிடுகிறது

சார்மண்டர், சாண்ட்ஷ்ரூ, ஜியோடூட் என்று நீருக்கு அஞ்சும் எதை எடுத்தாலும் இரண்டாம் ஜிம் தலைவி மிஸ்டியிடம் ஒருமுறை விழுவீர்கள். லெவல் 21 ஸ்டார்மியின் வேகம் 56. சார்மீலியன் வேகப் பயிற்சி எதுவுமில்லாமல் அதை முந்த 30ஆம் லெவலை எட்ட வேண்டும். அந்த இடத்தில் 30 என்பது பெரிய தண்டனை.

ஆனால் மிஸ்டியை உடனே சந்தித்தாக வேண்டும் என்று யார் சொன்னது? செருலியனுக்கு வடக்கே நக்கெட் பாலத்தில் வரிசையாக நிற்பவர்களை முடித்துக்கொண்டு பில்லின் வீட்டுக்குப் போங்கள். அவரிடமிருந்து கப்பல் டிக்கெட்டை வாங்கித் திரும்பினால், திருட்டு நடந்த வீட்டின் வாசலை மறித்து நின்ற காவலர் விலகியிருப்பார். வீட்டின் பின்புறம் இருக்கும் ராக்கெட் கும்பல்காரனை வென்றால் டிஎம்28, டிக் கிடைக்கும். முதல் தலைமுறையில் டிக்கின் பலம் 100. இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு கனமான மூவ் வேறெங்கும் கிடைக்காது. அப்படியே தெற்கே இறங்கி வெர்மிலியன் துறைமுகத்தில் எஸ்.எஸ். ஆன் கப்பலில் ஏறுங்கள். அங்கே டிஎம்08, பாடி ஸ்லாம் இருக்கிறது. பலம் 85, பத்தில் மூன்று முறை பக்கவாதம் வரவைக்கும். மூலை முடுக்கெல்லாம் தேடி எடுத்துவிட்டுக் கடைசியில் கேப்டனைப் பாருங்கள். அவரிடம் மரம் வெட்டும் கட் எச்எம்மை (சண்டைக்கு வெளியேயும் பயன்படும் மூவைக் கற்றுத்தருவது) வாங்கி வெளியே வந்தால் கப்பல் புறப்பட்டுவிடும், திரும்பி வராது.

இப்போது மிஸ்டியிடம் வாருங்கள். பாடி ஸ்லாமில் பக்கவாதம் பிடித்தால் ஸ்டார்மியின் வேகம் நாலில் ஒரு பங்காக, 14ஆக விழும். நான்கு சுற்றுக்கு ஒரு சுற்று அது அசையாமலும் நிற்கும். மிஸ்டியின் பையில் இருப்பது எக்ஸ் டிஃபெண்ட் (சண்டைக்குள் தற்காப்பைக் கூட்டும் பொருள்); பக்கவாதத்துக்கு மருந்து கிடையாது. ஒரே ஜிம், ஒரே எதிரி, வழியை மாற்றியதில் சண்டையே வேறாகிவிட்டது.

## அறிகுறி: நான்கு மூவ்களில் ஒன்று கட்டாகவே உறைந்துவிட்டது

இதற்கு மருந்து இல்லை, தடுப்பு மட்டுமே உண்டு. முதல் தலைமுறையில் எச்எம் மூவ்களை மறக்கடிக்க முடியாது. மறக்கடித்துத் தரும் ஆள் அடுத்த தலைமுறையில்தான் வருகிறார். நான்கே இடம் உள்ள சோலோவில் கட்டையோ ஃபிளாஷையோ கற்றுக்கொடுப்பது காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுவது. ஏற்கெனவே கற்றுக்கொடுத்துச் சேமித்தும்விட்டால், மீதி மூன்று இடங்களை வைத்துத் திட்டம் போடுங்கள்.

கதையை முடிக்கக் கட், சர்ஃப், ஸ்ட்ரெங்த் மூன்றும் அவசியம். ஃபிளாஷ் வேண்டாம், அதை வாங்கப் பத்து வகைப் போகிமான்களைப் பிடித்துக் காட்ட வேண்டும், ராக் டன்னலையோ இருட்டிலேயே சுவரைத் தடவிக் கடந்துவிடலாம். கட்டுக்கு மவுண்ட் மூனில் திரியும் பாராஸ் போதும். ரெட்டில் ஆடிஷ், புளூவில் பெல்ஸ்ப்ரவுட்டும் உதவும். பிறகு சூப்பர் ராடால் ஒரு கிராபியைப் பிடித்துவிட்டால் கட், சர்ஃப், ஸ்ட்ரெங்த் மூன்றையும் அது ஒன்றே சுமக்கும். சர்ஃப் (95), ஸ்ட்ரெங்த் (80) இரண்டும் நல்ல பலம் உள்ளவை. நம் போகிமானால் கற்க முடிந்து, வகையும் பொருந்தினால், தாராளமாகக் கற்றுக்கொடுக்கலாம்.

பெரிய சண்டைகளுக்கு முன் சுமைகாரரைக் கணினியில் வைத்துவிடுங்கள். உடன் வைத்திருந்தால், நம் போகிமான் விழுந்ததும் அடுத்தது எது என்று ஆட்டம் கேட்கும். கிராபியை இறக்காமல் நகர முடியாது. விதி அங்கேயே முறிந்துவிடும். விக்டரி ரோட்டுக்குள் ஸ்ட்ரெங்த் தேவை, ஆகவே அதுவரை கூட்டிப்போய், இண்டிகோ பீடபூமியின் போகிமான் மையத்தில் விட்டுவிடலாம்.

## அறிகுறி: சொன்ன மூவைச் செய்யாமல் தூங்குகிறது, திரும்பிக்கொள்கிறது

பண்டமாற்றில் வந்த போகிமானைச் சோலோவுக்கு எடுத்தவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் இது. வெர்மிலியனில் ஸ்பியரோவைக் கொடுத்து வாங்கும் ஃபார்ஃபெச்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரெட், புளூவில் அதைப் பெற வேறு வழியும் இல்லை. பண்டமாற்றில் வந்தவை ஒன்றரை மடங்கு அனுபவப் புள்ளி பெறும். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் லெவல் பேட்ஜை மிஞ்சி ஓடியதும் கட்டளை எடுபடாது. பேட்ஜ் ஏதும் இல்லையென்றால் 10 வரை, மிஸ்டி தரும் கேஸ்கேட் பேட்ஜோடு 30 வரை, எரிகாவின் ரெயின்போவோடு 50 வரை, சப்ரீனாவின் மார்ஷோடு 70 வரை கேட்கும். எர்த் பேட்ஜ் வந்தபின் எல்லைகள் இல்லை.

ஒற்றைப் போகிமானுக்கு 30 என்பது எரிகாவை எட்டும் முன்பே வந்துவிடும். ஆகவே வழியில் காணும் எல்லோரோடும் மோதும் பழக்கத்தை இங்கே விட வேண்டும். தவிர்க்க முடிந்த பயிற்சியாளர்களைத் தவிர்த்துவிட்டு நேராக செலடனுக்குப் போய் எரிகாவை முடியுங்கள். அடுத்து, பலர் செய்வதுபோல் கோகாவிடம் போகாமல் சப்ரீனாவிடம் போங்கள். மார்ஷ் பேட்ஜ் கையில் இருந்தால் 70 வரை கவலையில்லை. கோகாவும் பிளெய்னும் ஜியோவானியும் அந்த எல்லைக்குள் முடிந்துவிடுவார்கள்.

## அறிகுறி: பேய்கள் மீது எதுவும் படவில்லை

லாவெண்டர் கோபுரத்தில் கண்ணுக்குத் தெரியாத பேய் வந்து, நம் போகிமான் பயந்து அசைய மறுத்தால் அது வேறு விஷயம். செலடனில் ராக்கெட் கும்பலின் மறைவிடத்திலிருந்து சில்ஃப் ஸ்கோப்பை எடுத்துவந்தால் தீர்ந்தது.

ஸ்கோப் இருந்தும் காஸ்ட்லி மீது அடி ஏறவில்லை என்றால், உங்கள் நான்கு மூவ்களும் நார்மல் அல்லது ஃபைட்டிங் வகையாக இருக்கின்றன. பிபி (ஒரு மூவை எத்தனை முறை போடலாம் என்ற எண்ணிக்கை) எல்லாம் தீரும்வரை காத்திருந்து ஸ்ட்ரகிளால் அடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இந்தத் தலைமுறையில் ஸ்ட்ரகிளும் நார்மல் வகைதான், பேய் மீது படாது. எதிரியின் பிபி தீரட்டும் என்றும் காத்திருக்க முடியாது. கணினி ஆடும் போகிமான்களுக்கு இங்கே பிபி குறைவதே இல்லை.

காஸ்ட்லி, ஹான்டர், கெங்கர் மூன்றும் பேயோடு நஞ்சு வகையும் சேர்ந்தவை. தரையில் கால் படாமல் மிதக்கும் தன்மை என்ற கணக்கு அப்போது இன்னும் வரவில்லை. ஆகவே நில வகை மூவ் அவற்றின் மீது இரட்டிப்பாக விழும். செருலியனில் எடுத்த டிக் இங்கே மறுபடி கைகொடுக்கிறது. ராட்டிகேட்டைக் கொண்டு ஆடுபவர்கள் அதை எதற்கும் செலவழிக்காமல் இதற்காகவே கற்றுவைக்க வேண்டும்.

டிக் கற்க முடியாத மல்லன் வகைகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாதது. டிஎம்19, சீஸ்மிக் டாஸ். ஃபைட்டிங் வகைதான் என்றாலும், லெவலுக்குச் சமமான அடியை அப்படியே கொடுக்கும் மூவ்கள் முதல் தலைமுறையில் வகைத் தடையைப் பார்ப்பதில்லை. பேய் மீதும் முழுதாக விழும். 25ஆம் பாதையில் கிடக்கிறது. ஹிட்மோன்லீ, ஹிட்மோன்சான் ஆடுபவர்களுக்கு, இறுதியில் வரும் எலீட் ஃபோர் நால்வரில் ஒருவரான அகதாவின் அறையில் இதுதான் ஊன்றுகோல்.

உண்மையிலேயே வழியில்லாத போகிமான்களும் உண்டு. மெட்டாபாடால் எந்த டிஎம்மையும் கற்க முடியாது. டாக்கிளை மட்டும் வைத்துக்கொண்டு அது அகதாவின் கெங்கரைத் தொடவே முடியாது. இப்படிப்பட்ட ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன், இறுதி ஐந்து சண்டைகளின் வகைகளை எழுதிவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூவாவது படுமா என்று பார்த்துவிடுங்கள்.

## அறிகுறி: எப்போதும் எதிரியே முந்துகிறான்

சோலோ ஆட்டத்தின் உயிர்நாடி வேகம். மாற்றி இறக்க ஆளில்லாதபோது, முதல் அடி யாருடையது என்பதே பல சண்டைகளின் முடிவு. லெவல் ஏற்றாமல் வேகம் கூட்டும் வழியும் இதே ஆட்டத்தில்தான் மறைந்துகிடக்கிறது.

பேட்ஜ்கள் வெறும் அலங்காரம் அல்ல. போல்டர் பேட்ஜ் தாக்குதலையும், தண்டர் பேட்ஜ் தற்காப்பையும், சோல் பேட்ஜ் வேகத்தையும், வால்கேனோ பேட்ஜ் ஸ்பெஷலையும் எட்டில் ஒரு பங்கு கூட்டுகின்றன. இந்தக் கூடுதல் சண்டைக்குள் மட்டும் நடக்கும், விவரத் திரையில் தெரியாது. சப்ரீனாவின் லெவல் 43 அலகசாமை எடுத்துக்கொள்வோம். அதன் வேகம் 115. உங்கள் நிடோகிங்கின் திரையில் 104 என்று இருக்கிறது. முந்த முடியாது என்று தோன்றும். ஆனால் கோகாவை முதலில் வென்று சோல் பேட்ஜை எடுத்துவந்தால் 104இல் எட்டில் ஒரு பங்கு 13, மொத்தம் 117. அலகசாமுக்கு முன் நீங்கள் அடிப்பீர்கள். அதன் தற்காப்பு மிகவும் மெலிந்தது என்பதால் நல்ல உடல்வலு மூவ் ஒன்று போதும். ஐந்தாறு லெவல் உழைப்பை ஜிம் வரிசை மிச்சப்படுத்துகிறது. (பண்டமாற்றுப் போகிமானுக்குச் சொன்ன வரிசை இதற்கு நேர் எதிர். எதற்கு முன்னுரிமை என்பதை உங்கள் போகிமான்தான் முடிவு செய்யும்.)

இதற்கு அடியில் நிரலில் ஒரு பிழை இருக்கிறது. சோலோ ஆடுபவர்களுக்கு அது பெரிய கொடை. சண்டையில் நம் திறன் எண் ஏதாவது ஒன்று மாறும்போதெல்லாம், மற்ற திறன்கள் மீதும் பேட்ஜ் கூடுதல் மறுபடி ஏறிவிடும். நான்கு பேட்ஜும் உள்ளவர் எக்ஸ் ஸ்பெஷலை மூன்று முறை பயன்படுத்தினால், ஸ்பெஷல் ஏறுவது போக, தாக்குதல், தற்காப்பு, வேகம் மூன்றும் சுமார் 42 விழுக்காடு கூடுகின்றன. எதிரி கிரௌல் போட்டு நம் தாக்குதலைக் குறைத்தாலும் மற்றவை ஏறும்! செலடன் கடையின் ஐந்தாம் மாடியில் எக்ஸ் ஸ்பீடும் எக்ஸ் ஸ்பெஷலும் தலா 350தான். பலவீனமான முதல் எதிரியின் முன் இரண்டு மூன்று சுற்று செலவழித்து இவற்றைப் போட்டுக்கொண்டால் மீதி அணி முழுவதும் அதே வேகத்தில் விழும்.

ஒரு எச்சரிக்கை. சண்டை நடுவே லெவல் ஏறினால் எண்கள் புதிதாகக் கணக்கிடப்பட்டு, பேட்ஜ் கூடுதல் ஒரே ஒரு முறை மட்டும் சேரும். அடுக்கடுக்காகச் சேர்த்தது கரைந்துவிடும். எக்ஸ் பொருள்களை நம்பி உள்ளே போகும் முன், அடுத்த லெவலுக்கு எவ்வளவு புள்ளி மீதி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சொற்பமாக இருந்தால் வெளியே ஏற்றிவிட்டே போங்கள்.

பக்கவாதத்தால் வேகம் சரிந்திருந்தாலும் எக்ஸ் ஸ்பீடு உதவும். வேகம் மூல எண்ணிலிருந்து மறுபடி கணக்கிடப்படுவதால் சரிவு மறைந்துவிடும். அவ்வப்போது அசையாமல் நிற்பது மட்டும் தொடரும்.

## அறிகுறி: கிரிட்டிக்கல் அடி விழுவதே இல்லை

ஃபோகஸ் எனர்ஜி அல்லது டையர் ஹிட் பயன்படுத்துகிறீர்களா? நிறுத்திவிடுங்கள். கிரிட்டிக்கல் (வழக்கத்தைவிடக் கனமாக விழும் அடி) வாய்ப்பைக் கூட்ட வேண்டிய இவை, நிரல் பிழையால் அதை நாலில் ஒரு பங்காகக் குறைக்கின்றன.

இந்தத் தலைமுறையில் கிரிட்டிக்கல் வாய்ப்பு அந்த இனத்தின் அடிப்படை வேகத்தை 512ஆல் வகுத்தால் வருவது. லெவலும் எக்ஸ் ஸ்பீடும் அதைத் தொடுவதில்லை. ஸ்லாஷ், ரேஸர் லீஃப் போன்ற மூவ்களுக்கு அது எட்டு மடங்கு. அதாவது அடிப்படை வேகம் 64 அல்லது அதற்கு மேல் உள்ள எதுவும் ஸ்லாஷ் அடித்தால், 256இல் ஒரு முறை தவிர, எப்போதும் கிரிட்டிக்கல்தான். சார்மீலியனுக்கு ஸ்லாஷ் 33இல் வருகிறது. அதன்பின் நெருப்பைவிட நகம்தான் முதன்மை ஆயுதம். எரிகாவின் விக்ட்ரிபெல் ரேஸர் லீஃபால் நம்மை வெட்டித் தள்ளுவதற்கும் இதே கணக்குதான் காரணம்.

கிரிட்டிக்கல் அடி, ஏற்றிய இறக்கிய திறன்கள் எதையும் கணக்கில் எடுக்காது. ஸ்லாஷை நம்புபவர் தாக்குதலை ஏற்றும் சோர்ட்ஸ் டான்ஸ் போடுவதில் பொருளில்லை.

## அறிகுறி: தூங்கியே, உறைந்தே சாகிறேன்

தூக்கத்துக்குப் போகே ஃப்ளூட். சண்டைக்குள்ளும் ஊதலாம், தீராது. அகதாவின் முதல் கெங்கர் ஹிப்னாசிஸும் ட்ரீம் ஈட்டரும் சேர்ந்தது. ஃப்ளூட் இல்லாமல் அவர் அறைக்குள் போகாதீர்கள். உறைந்தால் இந்தத் தலைமுறையில் தானாக உருகவே உருகாது. எலீட் ஃபோரில் ஒருவரான லோரலையின் ஜின்க்ஸ், லாப்ராஸ் முன் ஃபுல் ஹீல் சில கட்டாயம். ராப், பைண்ட் போல் சுற்றிப் பிடிப்பவை நம்மைப் பல சுற்றுகளுக்கு அசையவே விடாது. முந்தி அடித்து வீழ்த்துவதே அதற்கு மருந்து, மேலே சொன்ன வேகக் கணக்குக்குத் திரும்புங்கள்.

விழுந்த போகிமானை எழுப்பும் ரிவைவை வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். ஒருவர் மட்டும் உள்ள அணியில் அதைப் பயன்படுத்த ஆளில்லை.

## அறிகுறி: லெவல் ஏறுகிறது, எண்கள் ஏறுவதாகத் தெரியவில்லை

ரேர் கேண்டிகளை முன்கூட்டியே தின்றிருப்பீர்கள். ஒவ்வொரு எதிரியை வீழ்த்தும்போதும் அதன் அடிப்படை எண்கள் நம் போகிமானுக்குப் பயிற்சியாகச் சேர்கின்றன. ஒவ்வொரு திறனுக்கும் 65,535 வரை இடம் உண்டு. கேண்டி லெவலைத் தரும், பயிற்சியைத் தராது. அதைக் கடைசிவரை சேர்த்துவையுங்கள்.

கார்போஸ், புரோட்டீன் போன்ற சத்துமருந்துகளுக்கு இதற்கு நேர்மாறான விதி. ஒரு புட்டி 2,560 கூட்டும், ஆனால் பயிற்சி 25,600ஐ எட்டியபின் வேலை செய்யாது. எல்லாச் சண்டையும் ஒருவருக்கே என்பதால், சோலோ போகிமான் அந்த எல்லையைத் தானாகவே தாண்டிவிடும். பிறகு 9,800 கொடுத்து வாங்கியும் பயனில்லை. செலடனை அடைந்ததும் நக்கெட் தங்கக் கட்டிகளை விற்று முதலில் கார்போஸ் வாங்குங்கள். வேகத்துக்கு முதல் உரிமை.

பையில் 20 வகைப் பொருள்களுக்கே இடம். டிஎம்களும் அதில்தான் அடங்க வேண்டும். பயன்படுத்தாதவற்றைக் கணினியில் போடுங்கள்.

## அறிகுறி: எலீட் ஃபோரின் பாதியில் பிபி தீர்ந்துவிடுகிறது

இங்கே கூட்டல் கழித்தல் போட்டே ஆக வேண்டும். நால்வருக்கும் தலா ஐந்து, சாம்பியனுக்கு ஆறு. மொத்தம் 26 போகிமான்கள். இடையில் குணப்படுத்தும் மையம் இல்லை, திரும்பிப் போகவும் கதவில்லை. நிடோகிங்கின் எர்த்குவேக் 10, ஐஸ் பீம் 10, தண்டர்போல்ட் 15 என்றால் மொத்தம் 35 அடி. ஒவ்வொன்றும் ஒரே அடியில் விழுந்தால் தாராளம். இரண்டு அடி தேவைப்பட்டால் பற்றாது. பறப்பவற்றின் மீது எர்த்குவேக் படாது என்பதால், அகதாவின் கோல்பேட், லான்ஸின் கயராடோஸ், ஏரோடாக்டில், டிராகனைட், சாம்பியனின் பிஜாட் எல்லாம் மற்ற இரண்டின் தலையில்தான் விழும். எலிக்சர்கள் கடையில் கிடைக்காதவை, வழியில் எடுத்ததை இந்த ஐந்து அறைகளுக்கென்றே வையுங்கள். ஒரு சண்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே பையைத் திறக்கலாம், நிதானமாகச் செய்யுங்கள்.

நான்காவது இடத்துக்கு ஹார்ன் டிரில், டிஎம்07. முப்பது விழுக்காடு மட்டுமே படும் மூவ் என்று ஒதுக்காதீர்கள். முதல் தலைமுறையில் எக்ஸ் ஆக்குரசி ஒன்றைப் போட்டால் அந்தச் சண்டை முழுக்க எந்த மூவும் தவறுவதில்லை. ஒரே அடியில் வீழ்த்தும் மூவ்களும் அதில் அடக்கம். ஒரே நிபந்தனை, எதிரியைவிட நம் வேகம் குறையக் கூடாது. பேய்கள் மீதும் படாது. ஐந்து பிபி, ஐந்து எதிரி. லோரலை அல்லது லான்ஸின் அணி முழுவதையும் அப்படியே வரிசையாகச் சாய்த்துவிடலாம். வேகமாக முடிக்கும் போட்டியாளர்கள் நிடோரானை விரும்பி எடுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

## அறிகுறி: லான்ஸின் டிராகனைட்டைத் தாண்ட முடியவில்லை

லெவல் 62 டிராகனைட்டின் ஹைப்பர் பீம் பயமுறுத்தும். ஆனால் லான்ஸ் போன்ற பயிற்சியாளர்களின் மூளை ஒரு குறையோடு எழுதப்பட்டது. நம் வகைக்கு எதிராக எந்த வகை மூவ் பலிக்குமோ அதைத் தேடி எடுப்பார்கள், அது அடிக்கும் மூவா என்று பார்க்க மாட்டார்கள். டிராகனைட்டிடம் உள்ள அஜிலிட்டியும் பேரியரும் சைக்கிக் வகை. நஞ்சு அல்லது ஃபைட்டிங் வகைக்கு எதிராகச் சைக்கிக் பலிக்கும். ஆகவே நிடோகிங்கோ வீனசாரோ மசாம்போ எதிரே நின்றால், டிராகனைட் அடிக்காமல் இவற்றையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கும். பேரியர் உடல்வலுத் தற்காப்பைத்தான் கூட்டுகிறது; ஐஸ் பீமை அது தடுக்காது. வேறு வகைப் போகிமானை ஆடுபவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்கள் முதலில் வரும் கயராடோஸின் முன் எக்ஸ் ஸ்பெஷலை அடுக்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்த அறையில் நிற்கும் சாம்பியன் நம் தொடக்கப் போகிமானுக்கு எதிரான ஒன்றை லெவல் 65இல் கடைசியாக இறக்குவார். முதலில் வரும் லெவல் 61 பிஜாட்தான் அங்கே எக்ஸ் பொருள்களைப் போட ஏற்ற நேரம். இரண்டாவது வரும் அலகசாம் வெளியே வந்தபின் அதற்கு அவகாசம் கிடைக்காது.